பேப்பர்ட்டின் ஆமையும் என் பரீட்சைப் பேப்பரும்

ஏழாம் வகுப்பு கம்ப்யூட்டர் பரீட்சையில் ஒரு கேள்வி: சமபக்க முக்கோணம் வரைய லோகோ கட்டளை எழுதுக. முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி என்று கணக்கு மிஸ் சொல்லியிருந்தார். அதனால் மூணு தடவை நேராகப் போய் 60 டிகிரி திரும்பச் சொல்லி எழுதினேன். சிவப்பு மையில் ஒரு இன்டூ, பக்கத்தில் 120. ஏன் 120ன்னு நானும் கேட்கல, அவங்களும் சொல்லல.

பல வருஷம் கழித்து சீமோர் பேப்பர்ட்டின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ (1980) படித்தபோதுதான், எங்களுக்குப் பாடமாக வந்தது பாடத்திட்டத்துக்கு எதிராகப் பிறந்த ஒரு பொருள் என்று தெரிந்தது. 1967ல் வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மொழி லோகோ. கம்ப்யூட்டர் கேள்வி கேட்க, குழந்தை பதில் சொல்லும் ஏற்பாட்டை அவர் தலைகீழாக்கப் பார்த்தார். குழந்தை கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரட்டும். தப்பு வந்தால் அது தண்டனைக்குரியதல்ல, சரிசெய்ய வேண்டிய ஒரு ‘பக்’, அவ்வளவுதான்.

ஆமை என்ன செய்யுதுன்னு புரியலையா, நீயே ஆமையாக நடந்து பார் என்கிறார். மொட்டை மாடியில் நடந்தேன் (பக்கத்து வீட்டு மாமி துணி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்). நாலு எட்டு, 60 டிகிரி திருப்பம், மூணு தடவை. கிளம்பின இடத்துக்கு வந்து சேரவில்லை. முக்கோணத்தின் உள்கோணம் ஆமைக்குத் தெரியாது. வந்த திசையிலிருந்து எவ்வளவு திரும்பினோம் என்பதுதான் அதன் கணக்கு. முக்கோணத்துக்கு மூணு 120, மொத்தம் 360, ஒரு முழுச் சுற்று. நான் பரீட்சையில் எழுதியது பாதி அறுகோணம். திரையில் ஓடவிட்டிருந்தால் பார்த்திருப்பேன்.

ஆனால் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. பேப்பர்ட் சின்ன வயதில் பற்சக்கரங்கள் மேல் கொண்ட காதலோடு தொடங்குகிறார். அழகான முன்னுரை. அந்தக் காதல் எல்லாக் குழந்தைக்கும் வாய்க்க, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கேள்விதான் போகப்போக மங்கிவிடுகிறது. அவருடைய குழந்தைகள் அருகே ஆமையின் கணிதம் தெரிந்த, அவசரமில்லாத பெரியவர்கள் இருந்தார்கள். எங்கள் மிஸ்ஸுக்கு இருந்தது நாற்பது விடைத்தாள்.

1993ல் வந்த ‘தி சில்ட்ரன்ஸ் மெஷின்’ நூலில், பள்ளி கம்ப்யூட்டரைத் தனி அறையில் பூட்டி, தனிப் பாடமாக்கி, தனக்கேற்றபடி செரித்துக்கொண்டது என்று பேப்பர்ட்டே எழுதுகிறார். சரியான கணிப்பு. ஆனாலும் பள்ளி என்பது ஏதோ ஒற்றைப் பிராணி மாதிரியே அவருக்குத் தெரிகிறது. 2005ல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்த ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் பேப்பர்ட்டின் சிந்தனைதான். பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. அங்கே கிராமப் பள்ளிகளில் நடந்து 2012ல் வெளியான ஆய்வில் கணக்கு, மொழித் தேர்வுகளில் முன்னேற்றம் தெரியவில்லை. தேர்வே தப்பான அளவுகோல் என்று சொல்லலாம். என் இன்டூவை நினைத்தால் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட்டால் மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

போன மாசம் அக்கா பொண்ணு, லோகோவின் வழியில் வந்த ஸ்க்ராட்சில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தாள். அவளும் 60தான் போட்டாள். பூனை பாதியில் நின்றது. 120ன்னு வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவள், 3 என்றிருந்த எண்ணை அழித்து 6 என்று போட்டாள்.