தலைமைக் குரல் ஓய்ந்த பின்

தலைமைப் பாடகர் மறைந்த பின்னர் எஞ்சியோர் அதே குழுவாக அவையேறுதல் தகுமா? தகாது என்று உடனே விடை பகர்வோர் பலர். கவ்வாலியின் வரலாறு அவ்விடையை ஏற்கவில்லை. உஸ்தாத் நுஸ்ரத் ஃபதேஹ் அலி கானின் குழுவே இதற்குச் சான்று.

கவ்வாலி தனிக்குரல் கலையன்று. தலைவர் ஓரடியை எடுப்பார். துணைக்குரல் அதனை ஏந்தி விரிக்கும். ஆர்மோனியமும் தபேலாவும் உடன் செல்லும். பின்னிருப்போர் கைத்தாளமிட்டுப் பல்லவியைத் திரும்பத் திரும்ப நிலைநாட்டுவர். தலைவர் ராகத்தின் எல்லைவரை துணிந்து செல்வது, மீண்டு வரும்போது அப்பல்லவி தமக்காகக் காத்திருக்கும் என்ற உறுதியால்தான்.

நுஸ்ரத்தும் வழிவந்த தலைவரே என்பதை நாம் மறத்தலாகாது. தந்தையார் ஃபதேஹ் அலி கான் 1964 இல் காலமானார். தந்தையின் உடன்பிறந்தாரான முபாரக் அலி கானும் 1971 இல் மறையவே, குழுவின் பொறுப்பு இளைஞர் நுஸ்ரத்தின் தோள்மீது ஏறிற்று. 'இனித் தொடரலாகாது' என்று அன்று எவரேனும் விதித்திருப்பின், உலகம் அக்குரலையே கேட்டிராது.

1997 ஆகஸ்ட் 16 அன்று, 48 வயதில், நுஸ்ரத் லண்டனில் காலமானார். பல்லாண்டுகள் ஆர்மோனியமும் துணைக்குரலுமாக அவர் அருகமர்ந்த தம்பி ஃபர்ருக்கின் மைந்தர் ராஹத், தலைமையை ஏற்றார். ஆயினும் 1971 வேறு, 1997 வேறு. முன்னையோரின் பாட்டைப் பெரும்பாலும் கேட்டோரின் நினைவே காத்தது. நினைவு புதியவரிடம் இரக்கம் காட்டும். நுஸ்ரத்தோ நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளை விட்டுச் சென்றார். 1990 இல் பதிவாகிக் கிடப்பில் இருந்த பாடல்கள்கூட 2024 இல் வெளிவந்தன. மறைந்தவர் இன்றும் புதிய இசைத்தட்டு வெளியிடுகையில், வாரிசு யாருடன் போட்டியிடுவார்?

2003 இல் தந்தை ஃபர்ருக்கும் மறைந்தார். அவ்வாண்டிலேயே 'பாப்' படப் பாடலின் வாயிலாக இந்தித் திரையுலகம் ராஹத்துக்குக் கதவு திறந்தது. அவர் குரலின் இனிமையை மறுப்பதற்கில்லை. எனினும் ஐந்து நிமிடத் திரைப்பாடலில் ராகம் விரிய இடமில்லை. பின்பாட்டும் வெறும் அலங்காரமாய்ச் சுருங்குகிறது. நாம் காணும் குறை இதுவே. நுஸ்ரத்தின் இடத்தில் ஒருவர் அமர்ந்தது பிழையன்று. அமர்ந்தவர் தம்மைச் சூழ்ந்திருந்த குழுவைவிட்டு விலகி, தனிப் பாடகராகப் பெயர் பெற்றதே இழப்பு.

வாசக அன்பர்கள் நுஸ்ரத்தின் பழைய பதிவொன்றை மீண்டும் கேட்கட்டும். இம்முறை அவர் குரலைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஃபர்ருக்கின் குரலையும் கைத்தாளத்தையும் செவிமடுக்கட்டும். வாரிசுகள் காக்க வேண்டிய செல்வம் எதுவென்பது அப்போது விளங்கும்.