திருத்தணி வெயிலில் ஒரு பழைய பொலேரோ

கோடையில் தமிழகத்தின் வெப்பநிலைப் பட்டியலைப் பார்த்தால் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி தட்டுப்படும். 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர். அங்கே இரண்டு மூன்று கை மாறி வந்த பொலேரோவை ஒருவர் தானே பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார் என்றால், அது சும்மா இல்லை. அந்த வேலையை ரசிக்கப் பழகிவிட்டால் ஷோரூம் வண்டிகள் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

மஹிந்திரா 2000-ல் கொண்டுவந்த வண்டி இது. பழைய டி.ஐ. எஞ்சின் மாடலில் பானெட்டைத் தூக்கினால் ஒளிவுமறைவு கிடையாது. டீசல் ஃபில்டர், பம்ப், நான்கு நாசில் என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம்.

இந்த ஊரில் முதல் கவனிப்பு ரேடியேட்டருக்கு. மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு 365 படி. வண்டிக்குத் தனி மலைப்பாதை. கூட்ட நாளில் அந்த ஏற்றத்தில் முதல் கியரில் ஊரும்போது எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. அதன் ரப்பர் வாசர் வெடித்திருப்பதைக் கண்டதும் புது மூடி வாங்குகிறவர் விவரமானவர். போர் தண்ணீரை ஊற்றுகிறவரை அப்படிச் சொல்ல மாட்டேன். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் படிந்து இறுகிவிட்டால், பிறகு எத்தனை முறை கழுவினாலும் வராது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுவதற்கு என்ன கேடு?

வெயில் ஊர்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், சூடு குறையுமாம். எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமாகி, டீசல் கூடுதலாகக் குடித்து, தேய்மானமும் சேர்வதுதான் மிச்சம். விஷயம் தெரிந்தவர் வால்வை வெந்நீரில் போட்டு, சூடு ஏற ஏற அது வாய் திறக்கிறதா என்று பார்ப்பார். சமையல் பாத்திரத்தில் கூடாது என்று வீட்டில் சத்தம் போடுவார்கள், நியாயம்தான்.

கை நேர்த்தி தெரிவது கிரீஸ் கன்னில். கியர் போட்டு கிளட்சை விடும்போது அடியில் 'டொக்' என்று கேட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைச் சந்தேகப்பட வேண்டும். நிப்பிளில் நாலு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து வந்தால் வேலை முடியாது. கறுத்த பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டு, நாலு கப் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது இதற்கு நேர் எதிரான குணம் தேவை. டிரெயின் போல்ட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வாசர் நசுங்கி உட்கார்ந்தது உள்ளங்கைக்குத் தெரிந்ததும் நிறுத்துகிறாரே, அந்த நிதானத்தைப் பார்க்கத்தான் நான் பக்கத்தில் நிற்பேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பவர் பக்கத்தில் நிற்க மாட்டேன். ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் பிறகு பேசலாம்.

பிரேக் வேலையின் தரம் இறக்கத்தில் தெரியும். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க, பெடலை அவ்வப்போது தொட்டால் போதும். கீழே வந்ததும் நாலு சக்கரத்தையும் முகர்ந்து பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு சக்கரத்தில் மட்டும் லைனர் கருகிய வாடை வந்தால் அங்கே பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது.

டீசல் பம்பில் மட்டும் வீட்டு வைத்தியம் செல்லாது. ஃபில்டருக்கடியில் சேர்ந்த தண்ணீரை வடிக்கலாம், ஹேண்ட் பம்பை அழுத்தி ஏர் எடுக்கலாம், அதோடு சரி. பம்பின் உள்வேலைக்கு டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைதான் கதி. கழற்றி எடுத்துப் போவதானால் முதலில் டைமிங் குறியைக் கீறி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரும்ப மாட்டியபின் வண்டி தெருவையே புகையாக்கிவிடும்.