விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களும் வருங்காலத்தின் வரலாறும்: தரமதிப்பீடு குறித்த சில சிந்தனைகள்

விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களுள் தலைசிறந்தது எது என்னும் வினா, அவை தோன்றி வளர்ந்த அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். ஒருசாரார் 'ஸ்ரார் ட்ரெக்'கையும், மற்றொருசாரார் 'டொக்டர் ஹூ'வையும், முதிர்ந்த தலைமுறையினர் 'த டுவைலைட் சோன்' தொடரையும், பிந்திய தலைமுறையினர் 'பற்றில்ஸ்ரார் கலக்ரிகா', 'த எக்ஸ்பான்ஸ்' ஆகியவற்றையும் முன்னிறுத்துவர். இவ்விவாதங்களிற் கூறப்படும் காரணங்களை நோக்கின், அவை பெரும்பாலும் நடிகரின் ஆற்றல், கருவிகளின் புதுமை, இளமைக்கால நினைவுகள் என்பவற்றைச் சுற்றியே அமைவதைக் காணலாம். கம்பன் பெரியவனா, இளங்கோ பெரியவனா எனப் பட்டிமன்றம் நடத்தும் நமது இரசனைமுறைத் திறனாய்வாளரின் மனோபாவத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகமில்லை. எனினும் வினாவே பயனற்றது என நாம் கருதவில்லை. அளவுகோல் எது என்பதைத் தெளிவுபடுத்திக் கொண்ட பின்னர் எழுப்பப்படுமாயின், அது பயனுள்ள வினாவே.

விஞ்ஞானப் புனைகதையின் இயல்பை ஆராய்ந்த மார்க்சியவாதிகளுள் டார்க்கோ சுவின் முதன்மையானவர். நமக்குப் பழகிப்போன சமூக உலகை, அறிவுக்குப் பொருந்தும் ஒரு புதுமையின் வாயிலாக நமக்கே அந்நியமாக்கிக் காட்டுவதே இவ்விலக்கிய வகையின் சாரம் என்பது 1979இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கருத்தாகும். பிறெஃற்றின் நாடகக் கொள்கையின் செல்வாக்கை இதில் எளிதில் இனங்காணலாம். இதனை ஏற்றுக்கொள்ளும் நாம், இன்னொரு வினாவையும் சேர்த்துக்கொள்ள விரும்புகின்றோம். காட்டப்படும் வருங்காலம் யாருடைய உழைப்பினால், எந்தப் போராட்டத்தின் ஊடாக வந்தது? இவ்வினாவை எழுப்பாத தொடர் எத்துணை விண்கலங்களைப் பறக்கவிட்டாலும், நிகழ்காலத்துக்கு வெள்ளியுடை போர்த்தியதன்றி வேறெதனையும் செய்ததாகாது.

'ஸ்ரார் ட்ரெக்' 1966 செப்டெம்பர் முதல் 1969 ஜூன் வரை என்.பி.சி. வலையமைப்பில் ஒளிபரப்பாயிற்று. அதற்கு முன்னரே ரொட் சேர்லிங் ஒரு வழியைத் திறந்திருந்தார். எமற் ரில் என்ற கறுப்பினச் சிறுவனின் படுகொலையைத் தழுவி அவர் எழுதிய நாடகம், விளம்பரதாரரின் நெருக்குதலால் 1956இல் அடையாளந் தெரியாதவாறு சிதைக்கப்பட்டது. மனிதரை வைத்துச் சொல்ல முடியாததைச் செவ்வாய்க்கிரகத்தவரை வைத்துச் சொல்லலாம் என்ற தெளிவோடு அவர் 1959இல் 'த டுவைலைட் சோன்' தொடரைத் தொடங்கினார். அந்த அளவில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் விஞ்ஞானப் புனைவு தணிக்கைக்குத் தப்பிய சமூக நாடகமாகவே தன்னை நிலைநிறுத்திக் கொண்டது எனலாம்.

தப்பிய நாடகம் எவ்வளவு தூரம் சென்றது? 1969 பெப்ரவரியில் ஒளிபரப்பான 'த கிளவுட் மைண்டர்ஸ்' என்ற 'ஸ்ரார் ட்ரெக்' கதையைச் சற்று விரிவாக நோக்குவோம். அர்தானா என்ற கிரகத்திலே முகிலிடையே மிதக்கும் நகரொன்றில் மேலோர் கலையும் தத்துவமும் பேசி வாழ்கின்றனர். கீழே சுரங்கங்களில் துரொக்லைற்றுகள் எனப்படுவோர் செனைற் என்ற கனிமத்தைத் தோண்டுகின்றனர். தோண்டுவோர் இயல்பிலேயே மந்த அறிவினர் என்பது மேலோரின் கருத்துநிலை. அடிப்படையும் மேற்கட்டுமானமும் இங்கு உருவகமாகவன்றி நேர்ப்பொருளிலேயே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. இவ்வளவு வெளிப்படையான வர்க்கச் சித்திரத்தை அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியிற் காண்பது அரிது. ஆயின் தீர்வு யாது? செனைற்றிலிருந்து வெளியாகும் ஒருவகை வாயுவே தொழிலாளரின் மூளையை மழுங்கடிக்கின்றது எனக் கண்டறியப்படுகின்றது. முகமூடிகளை வழங்கினாற் போதும் என்றாகின்றது. கப்டன் கேர்க்குக்கு வேண்டியது வேறொரு கிரகத்தின் தாவரக் கொள்ளைநோயைத் தடுப்பதற்கான செனைற். அது கிடைத்ததும் அவர் புறப்பட்டுவிடுகின்றார். பகை முற்றாகத் தீர்ந்ததாகக் காட்டப்படவில்லை என்பது உண்மையே. எனினும் சுரண்டல் உறவாகத் தொடங்கிய பிரச்சினை தொழிற்சாலைச் சுகாதாரப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகின்றது. நகர் முகிலிலேயே மிதந்துகொண்டிருக்கின்றது.

இதனை எழுத்தாளரின் தனிப்பட்ட கோழைத்தனமாகக் கொள்வது தவறாகும். தொலைக்காட்சியின் கலைவடிவத்தை அதன் தொழில்நுட்பத்தோடும் சமூக நிறுவனங்களோடும் இணைத்து நோக்க வேண்டும் என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1974இலேயே வற்புறுத்தினார். அக்காலத் தொடர்கள், உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டு எந்த ஒழுங்கிலும் மறு ஒளிபரப்புச் செய்யப்படக்கூடிய பண்டங்களாக அமைய வேண்டியிருந்தன. 'ஸ்ரார் ட்ரெக்' உண்மையிற் புகழீட்டியதும் 1970களில் அவ்வாறான மறு ஒளிபரப்பின் மூலமே. ஒவ்வொரு கதையின் முடிவிலும் யாவும் தொடங்கிய நிலைக்கே மீளல் வேண்டும். சென்ற வாரம் நிகழ்ந்தது இந்த வாரத்தைப் பாதித்தல் ஆகாது. பண்டத்தின் தேவை இவ்வாறு வரலாற்றையே ஒழித்துவிடுகின்றது. 1963 நவம்பரில் பி.பி.சி.யிலே தொடங்கிய 'டொக்டர் ஹூ' தன் கதைகளைப் பல வாரங்களுக்கு நீட்டியதாயினும், அதன் நாயகரும் கொடுங்கோலரை வீழ்த்திய மறுகணமே தமது நீலப் பெட்டிக்குள் ஏறி மறைகின்றார். புரட்சிக்கு மறுநாள் அங்கு விடிவதேயில்லை.

1987இல் தொடங்கிய 'ஸ்ரார் ட்ரெக்' தொடர் காட்டும் இருபத்துநான்காம் நூற்றாண்டுப் பூமியில் பணமில்லை, வறுமையில்லை. வேண்டிய பொருளை வேண்டியவுடன் ஆக்கித்தரும் பொறியொன்று உண்டு. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் கோடிட்டுக் காட்டிய உயர்நிலைப் பொதுவுடைமைச் சமுதாயத்துக்கு, முதலாளித்துவ உலகின் வெகுசனக் கலையில் இதைவிட நெருங்கிய சித்திரம் பிறிதொன்று இல்லை எனத் துணிந்து கூறலாம். ஆனால் அச்சமுதாயம் எவ்வாறு வந்தது? அணுப்போரின் அழிவுக்குப் பின்னர் வேற்றுலகத்தார் வந்தனர், மனிதர் திருந்தினர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி மட்டுமே உற்பத்தி உறவுகளை மாற்றிவிடும் என்னும் பொறிமுறைவாதமும், வானிலிருந்து வரும் மீட்பரும் இங்கு கைகோத்து நிற்பதைக் காணலாம்.

இப்பின்னணியிலேதான் 1993 முதல் 1999 வரை 176 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஸ்ரார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' நமது கவனத்தைக் கோருகின்றது. இதன் களம் பறக்கும் கலம் அன்று. ஓரிடத்தில் நிற்கும் நிலையம். முன்னர் கார்டாசியர் என்ற ஆக்கிரமிப்பாளர், பஜோர் மக்களின் கட்டாய உழைப்பைக்கொண்டு தாதுப்பொருளைப் பதப்படுத்திய இடம் அது. நாயகர் இங்கிருந்து புறப்பட்டுப் போய்விட முடியாது. ஆகவே செய்தவற்றின் விளைவுகளோடு வாழ வேண்டியவராகின்றார். களத்தின் மாற்றமே வடிவத்தின் மாற்றத்தையும் வேண்டிநின்றது. தனித்தனிக் கதைகளாக இருந்த தொடர், பிற்பகுதியில் நீண்ட தொடர்கதையாக வளர்ந்தது இதன் விளைவே.

1995 ஜனவரியில் இரு பகுதிகளாக வெளிவந்த 'பாஸ்ற் ரென்ஸ்' என்ற கதையை இத்தொடரின் உச்சமாக நாம் கருதுகின்றோம். நிலையத்தின் தளபதி சிஸ்கோவும் சிலரும் தற்செயலாக 2024ஆம் ஆண்டின் சன் பிரான்சிஸ்கோவில் வந்து விழுகின்றனர். அங்கு வேலையற்றோரும் வீடற்றோரும் மனநோயுற்றோரும் மதிலிட்ட 'புகலிட மாவட்டங்களில்' அடைக்கப்பட்டுள்ளனர். கேப்ரியல் பெல் என்பவரின் பெயரால் அறியப்படும் ஒரு கிளர்ச்சி அங்கு வெடித்தாக வேண்டும். அதற்குமுன் பெல் கொல்லப்பட்டுவிடவே, வருங்காலத்தின் கூட்டமைப்பு முழுவதும் இல்லாமற் போய்விடுகின்றது! சிஸ்கோ பெல்லின் பெயரைத் தாமே ஏற்றுக் கிளர்ச்சியை நடத்த வேண்டியவராகின்றார். முந்திய தொடர்கள் விட்டுச்சென்ற வெற்றிடம் இங்கு நிரப்பப்படுகின்றது. பணமற்ற அந்தப் பூமி வேற்றுலகத்தாரின் கொடை மட்டுமன்று. அடைக்கப்பட்டோர் எழுந்திராவிடின் அது இல்லை.

1971இல் நியூயோர்க் மாநிலத்து அற்றிக்கா சிறைச்சாலையில் நிகழ்ந்த எழுச்சி இக்கதைக்குத் தூண்டுதல்களுள் ஒன்று. படப்பிடிப்பு நடந்த 1994இலேயே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வீடற்றோரை வேலியிட்ட ஓரிடத்திற் சேர்க்கும் யோசனை பத்திரிகைச் செய்தியாயிற்று. கதை குறித்த 2024ஆம் ஆண்டும் வந்து சென்றுவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வெளியிடங்களில் உறங்குவோரைத் தண்டிக்க நகரங்களுக்கு அதிகாரமுண்டு என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன, பெல் வந்ததாகத் தெரியவில்லை.

இக்கதையின் குறைபாட்டையும் மறைத்தலாகாது. கிளர்ச்சியின் தலைவர் ஈற்றில் வருங்காலத்திலிருந்து வந்த படையதிகாரியே. அடைபட்டோர் தமது தலைவரைத் தம்முள்ளிருந்து மீண்டும் உருவாக்கிக் கொள்வதாகக் காட்டும் துணிவு எழுத்தாளருக்கு இருக்கவில்லை. அவர்களது குரல் வெளியுலகை எட்டுவதும் தொடர்புசாதன முதலாளி ஒருவரின் தயவினாலேயே. 1996இல் வெளியான 'பார் அசோசியேஷன்' கதையிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். மதுச்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை வழிநடத்தும் ரொம், தன் முதலாளியான அண்ணனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் வாசகத்தையே படித்துக் காட்டுகின்றான். கோரிக்கைகள் யாவும் வெல்லப்படுகின்றன. ஆயினும் சங்கம் கலைக்கப்பட்டுவிட்டதாக வெளியிற் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ரொம்மும் மதுச்சாலையை விட்டுத் தொழில்நுட்பப் பணியாளனாகி விடுகின்றான். வேலைநிறுத்தத் தலைவர்கள் பின்னர் எங்கே போய்ச் சேருகின்றனர் என்பதை நன்கறிந்த நமது வாசகர்களுக்கு இம்முடிவு அவ்வளவு வியப்பளிக்காது.

'டீப் ஸ்பேஸ் நைன்' எழுத்தாளருள் ஒருவரான ரொனால்ட் மூர் 2004 முதல் 2009 வரை நடத்திய 'பற்றில்ஸ்ரார் கலக்ரிகா' எரிபொருட் கலத்தின் தொழிலாளரையும் அவர்தம் வேலைநிறுத்தத்தையும் நேர்மையாகக் காட்டியது. ஆனால் இறுதியிற் கலங்களைச் சூரியனுக்குள் செலுத்திவிட்டு, யாவற்றையும் தெய்வ சித்தத்திடம் ஒப்படைத்தது. அதனைப்பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

2015இல் தொடங்கிய 'த எக்ஸ்பான்ஸ்' மேலான போட்டியாளர். சிறுகோள் வளையத்தில் பனிக்கட்டியையும் தாதுவையும் வெட்டும் தொழிலாளருக்குக் காற்றும் நீருமே விலைப்பொருள்கள்; குறைந்த ஈர்ப்புவிசை அவர்களது என்பையும் உருவையும் மாற்றிவிட்டது; அவர்களுக்கெனக் கலப்பு மொழியொன்றும் உண்டு. உழைப்பு உடலில் எழுதும் வரலாற்றை இவ்வளவு நுண்மையாகச் சித்திரித்த பிறிதொரு தொடரை நாம் அறியோம். இவ்வகையில் அது 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரை விஞ்சுகின்றது என ஒப்புக்கொள்ளவும் நாம் தயங்கவில்லை. எனினும் அது காட்டுவது முதலாளித்துவம் சூரியமண்டலம் முழுவதும் பரவிய நிலையையே. அதற்கு அப்பாலுள்ள சமுதாயத்தைப் பற்றி அது சிந்திப்பதில்லை. அத்தொடர் 2018இல் கைவிடப்பட்டபோது அதனை மீட்டெடுத்தது அமேசன் நிறுவனம். அறிவித்தவர் அதன் அதிபர் ஜெஃப் பெஸோஸ். தொடர் 2022 ஜனவரியில் முடிவுற்றது. அதே ஆண்டு ஏப்ரலில், நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் ஐலண்டிலுள்ள அமேசன் களஞ்சியத் தொழிலாளர், நிர்வாகத்தின் எதிர்ப்புக்கிடையே தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். சுரங்கத் தொழிலாளரின் துயரைத் திரையிற் கண்டு நெகிழ்ந்த இரசிகர், தமது களஞ்சியத்தில் அதனைக் காணவில்லை போலும்.

இத்தகைய உடைமை உறவை அறிந்து பேசிய ஒரே தொடர் என்பதும் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு நாம் முதன்மை அளிப்பதற்கு ஒரு காரணமாகும். 1998இல் வெளியான 'ஃபார் பியோண்ட் த ஸ்ரார்ஸ்' கதையில் சிஸ்கோ, 1953இன் நியூயோர்க்கில் வாழும் பெனி ரசல் என்ற கறுப்பின எழுத்தாளராகத் தம்மைக் காண்கின்றார். சஞ்சிகைக்காக எடுக்கப்படும் எழுத்தாளர் குழுவின் படத்தில் அவருக்கு இடமில்லை. ஆண்பெயர் போன்ற புனைபெயரில் எழுதும் பெண்ணுக்கும் இடமில்லை. விண்நிலையமொன்றின் கறுப்பினத் தளபதியைப் பற்றிப் பெனி எழுதிய கதை தாங்கிய இதழ் முழுவதையும் வெளியீட்டாளர் கூழாக்கிவிடுகின்றார். பெனி வேலை நீக்கப்படுகின்றார். இது வெறுங் கற்பனையன்று. சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட, நாயகன் கறுப்பினத்தவன் என்பதற்காகச் சஞ்சிகை ஆசிரியர் ஜோன் காம்பெல் மறுத்ததை டிலேனியே பதிவுசெய்துள்ளார். எண்ணத்தை எவராலும் அழிக்க முடியாது எனக் கதறியவாறு பெனி நிலைகுலைகின்றார். கருத்துமுதல்வாதத்தின் சாயல் இக்கதறலில் உண்டு. ஆயினும் காட்சி நமக்கு வேறொன்றையும் காட்டுகின்றது. எண்ணம் பெனியினுடையது, அச்சு இயந்திரம் அவருடையதன்று.