தராசைப் பார்க்காத இரக்கம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, கண்டியிலிருந்து தோட்டங்களுக்கு ஏறிய நிவாரண வண்டிகளில் அரிசி, பருப்பு, பாயோடு கமராவும் போனது. பொதியை நீட்டும் கை, அதை வாங்கும் கை, பக்கத்தில் அழுத முகத்தோடு ஒரு பிள்ளை என்று படங்கள் வந்து குவிந்தன. இது என்ன வழக்கம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: படத்தைப் பார்த்தால்தான் மனம் இளகும், மனம் இளகினால்தான் உதவி வரும்.

அந்தப் பதிலில் உண்மை உண்டு. வீடிழந்தவருக்கு அன்றைக்கு அரிசி வேண்டும். கொடுத்தவரின் மனநிலையை ஆராய்வது அன்றைய வேலை இல்லை. இரக்கத்தில் தொடங்கியவர்கள் சட்டத்தை அசைத்ததும் உண்டு. 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கிய பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்களின் குரல் இல்லாமல், தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்திருக்காது.

இருந்தாலும், இரக்கம் ஒரு பார்க்கும் முறையாக நிலைத்துவிடும்போது எதைக் காணாமல் விடுகிறது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. பொதியை அனுப்பிய ஊரும் கருணையைப் பற்றிய நூல்களை வெளியிட்ட ஊரும் கண்டி என்பதால், அதைத் தீர்க்க வேண்டிய ஊரும் கண்டிதான்.

புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் எழுதிய விசுத்திமக்கம் கருணைக்கு இரண்டு பகைகளைச் சொல்கிறது. கொடுமை தூரத்துப் பகை. துக்கம் கிட்டத்துப் பகை. கொடுமையை யாரும் கருணை என்று நினைத்துவிடப் போவதில்லை. துக்கமோ கருணையின் சாயலிலேயே வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். லண்டன் பாளி நூற்சங்கத்தின் அகராதி கருணைக்கு முதற்பொருளாக ஆங்கிலத்தின் 'பிட்டி'யைத் தந்தது. உடவத்தகெலே காட்டில் வாழ்ந்து, 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ஞானபொனிக தேரர் 'கம்பேஷன்' என்றே எழுதினார். முதற்சொல்லில் பார்ப்பவர் மேலே நிற்கிறார், படுபவர் கீழே இருக்கிறார். இரண்டாவது சொல் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் 1939இல் வெளியிட்ட நாவல் முழுவதும் இந்த வேறுபாடுதான்: அடுத்தவர் துன்பம் தரும் சங்கடத்திலிருந்து சீக்கிரம் தப்பிக்கத் துடிக்கும் மனத்தின் அவசரம் ஒன்று, கடைசிவரை கூட நிற்கும் உறுதி மற்றொன்று.

அந்த அவசரம்தான் நிவாரணப் படத்தில் இருக்கிறது. பொதி கைமாறியதும் பார்த்தவரின் மனம் ஆறிவிடுகிறது. கமரா முகத்தைப் பிடிக்கிறது. தராசுப் பக்கம் திரும்புவதில்லை.

தராசு என்பது தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறிய பெண், கூடைக் கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார். எடை பார்த்ததும் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. மழை நாளில் ஈரக் கழிவு கூடும். மிஞ்சியதுதான் அவர் கணக்கில் ஏறும். தோட்டம் நிர்ணயித்த 18 கிலோவோ 20 கிலோவோ தேறாவிட்டால் அரைப்பெயர். அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது பல தோட்டங்களில் கிலோ ஏற்றப்பட்டதாகத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2024இல் வந்த 1,350 ரூபாவையும் இந்தத் தராசின் வழியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. அட்டைக் கடியையும் வெடித்த பாதத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கழிவுக் கணக்குக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. அட்டைக் கடி மனத்தை உருக்கும். கழிவுக் கணக்கு, யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்று கேட்க வைக்கும். உருகிய மனம் அந்தக் கேள்விக்குப் போகாமலே திருப்தியடைந்துவிடுவதுதான் இங்கே குற்றம்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்து மக்கள் கண்டித் தெருக்களுக்கு வந்து கையேந்தினார்கள். தோட்டங்களில் இறப்பு விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூர்மையாக ஏறிய காலம் அது. நகரம் இரங்கியது, சில்லறையும் போட்டது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இந்த மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோனதையும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டதையும், மீதி 150,000 பேரின் கதி பத்து வருடம் தொங்கியதையும் அந்தச் சில்லறையோடு சேர்த்து நினைத்தவர்கள் சிலர்தான். பட்டினிக்கு வாக்கு இருந்திருந்தால் அந்தப் பஞ்சத்தில் உணவு ரேஷன் வெட்டு அப்படி விழுந்திருக்காது. 1972இல் கண்டியில் சத்யோதயம் என்ற அமைப்பைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் இதை விளங்கிக்கொண்டவர். தோட்டத்தையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் ஒன்றாக உட்காரவைத்து, உரிமையைப் பற்றிப் பேசவைத்தார். அப்படிப்பட்ட வேலை படத்தில் விழாது. அதற்கு வருடக்கணக்கும் ஆகும்.

மலையகத்தில் ஹேவாஹெட்டப் பக்கம் போகிறவர்களுக்கு லூல்கந்துர தோட்டத்தைக் காட்டுவார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். அவர் உட்கார்ந்த கல்லாசனம்கூடப் பாதுகாக்கப்படுகிறது. அதே ஹேவாஹெட்ட மலையில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதல் தியாகியாக நினைவுகூர்கிறது. 'ஐயோ பாவம்' கட்டுரைகளில் கோவிந்தன் வருவதே இல்லை. சம்பளம் கேட்டுச் செத்தவனைப் பார்த்து இரங்குவது கடினம்; ஒன்று அவன் பக்கம் நிற்க வேண்டும், அல்லது துப்பாக்கியின் பக்கம்.

இரக்கத்தை வளர்த்தால் அது நாளடைவில் உரிமையாக முற்றும் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தில் தோற்கிறார்கள். அழுதுகொண்டு கை நீட்டியவருக்குக் கிடைக்கும் இரக்கம், அவர் நிமிர்ந்து நின்று காணி உறுதி கேட்கும்போது 'இவ்வளவு செய்தும் நன்றியில்லையே' என்று மாறிவிடுகிறது. மண்சரிவு அபாயம் என்று லயக் குடியிருப்பைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பாதுகாப்பான இடத்தில் தங்கள் பெயரில் காணி கேட்டபோது, பொதிக்கு வந்த கூட்டம் அந்தக் கோரிக்கைக்கு அப்படித் திரளவில்லை.

2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடை நடந்தது. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். மூதாதையர் படகிலிருந்து இறங்கி, காட்டுவழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்துக்கொண்டு கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த பாதை அது. பத்திரிகைகள் வழியில் செத்தவர்களின் கதையை உருக்கமாக எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் நடந்தவர்கள் கொண்டுபோன கோரிக்கைகள் வேறு: தங்கள் வரலாற்றையும் உழைப்பையும் நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும், வாழப் போதுமான சம்பளம் வேண்டும், வீட்டுக்கும் காணிக்கும் சட்டப்படி உரிமை வேண்டும், தமிழுக்குச் சம இடம் வேண்டும். அந்தப் பட்டியலை வரிவரியாக எடுத்து, எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, யார் தடுத்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டிய பக்கங்களைக் கண்ணீர் நிரப்பிவிட்டது.