மேஸ்திரி வேண்டாம் என்பது ஏன்?

வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்தார் முதலில் யோசனை கேட்பது மேஸ்திரியிடம். எந்தக் கல், எந்த மணல், எந்தச் சிமென்ட் என்பதைப் பெரும்பாலும் அவர் சொல்தான் முடிவு செய்கிறது. விசிறி வாங்கும்போது வயரிங் செய்தவர் சொல்வதைக் கேட்கிறோம். வெந்நீருக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பிளம்பரிடம் விட்டுவிடுகிறோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருளானாலும் சரி, மண்ணையும் மரத்தையும் காக்கும் பொருளானாலும் சரி, இவர்களுடைய கைகளைக் கடந்துதான் அது நம் வீட்டுக்குள் வரவேண்டும்.

ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரே கருத்து உடையவர்கள் அல்லர். "நல்ல சாமான், தாராளமாகப் போடலாம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது சார்" என்பார் அடுத்த தெருக்காரர். வேண்டாம் என்பவரைப் பற்றி நம் அறிவியல் கட்டுரைகள் வழக்கமாக ஒரே விளக்கத்தைத் தருகின்றன: "போதிய விழிப்புணர்வு இல்லை." எழுதுவதற்கு இது சுலபமான வாக்கியம். உண்மைதானா என்று எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. தொழிலாளர் கூறும் மறுப்புகளை அறிவியல் உண்மைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? நான்கு பொருள்களைக் கொண்டு அதை ஆராய்வோம்.

சாம்பல் கல்

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் உண்டு. எனவே அனல் மின் நிலையங்களில் சாம்பல் மலைமலையாகக் குவிகிறது. இதில் பெரும் பங்கு சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். சாம்பலுடன் சுண்ணாம்பும் ஜிப்சமும், அல்லது சிமென்ட்டும், சேர்த்து அச்சில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தினால் கட்டடக் கல் கிடைக்கிறது. இதற்குச் சூளை வேண்டியதில்லை. சாதாரணச் செங்கல்லுக்கோ ஏறத்தாழ 3 கிலோ நல்ல மண்ணும், 1000 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பமும் தேவைப்படுகின்றன.

இவ்வளவு நன்மை இருந்தும் பூச்சு வேலை செய்யும் கொத்தனார்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பூச்சு பிடிப்பதில்லை, பிடித்தாலும் விரிசல் விடுகிறது" என்பது அவர்கள் குறை. இது பொய்க் குற்றச்சாட்டு அன்று. சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் இடையே நிகழும் வேதிவினை மெதுவானது. கல் முழு வலிமை பெற வாரக் கணக்கில் ஈரத்தில் இருக்கவேண்டும். சந்தையில் கிராக்கி இருக்கும்போது உற்பத்தியாளர் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. பதமாகாத கல் சுவரில் ஏறிய பிறகு உலர்ந்து சுருங்குகிறது. பூச்சும் அதனோடு விரிகிறது. ஆகவே கொத்தனார் கண்டது உண்மை. ஆனால் அவர் குற்றம் சாட்ட வேண்டியது சாம்பலை அன்று, அவசரப்பட்டு விற்றவரை.

பாதிக் குற்றம் வேலைமுறையிலும் உண்டு. செங்கல்லைக் கட்டுமுன் நன்றாக நனைப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த பழக்கம். நனைக்காவிட்டால் அது கலவையின் நீரை உறிஞ்சிவிடும். சாம்பல் கல் அவ்வளவு உறிஞ்சாது. லேசாக நீர் தெளித்தாலே போதும். பழைய வழக்கப்படி ஊறப்போட்டால் கலவை வழுக்கும், உலரும்போது சுருக்கமும் மிகும். இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

இதே கல்லைக் கட்டுவேலைக் கொத்தனார், அதிலும் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் எடுத்தவர், புகழ்வதைக் கேட்கலாம். கற்கள் ஒரே அளவாக இருப்பதால் இணைப்புக்குக் கலவை குறைகிறது. வரிசை விரைவில் ஏறுகிறது. ஒரே கல், ஒரே கட்டடம். ஆனால் கருத்து இரண்டு. விழிப்புணர்வு இவருக்கு மிகுதி, அவருக்குக் குறைவு என்று சொல்ல முடியுமா? இலாபம் இவர் கையில் விழுகிறது. விரிசலுக்கான வசை அவர் தலையில் விழுகிறது. அவ்வளவுதான்.

1999-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் சேர்க்கவேண்டும் என்றது. பின்னர் பலமுறை அது திருத்தப்பட்டது. மின் நிலையம், சூளைக்காரர், கட்டட நிறுவனம் ஆகியோருக்கெல்லாம் அதில் கடமைகள் உண்டு. கரண்டி பிடிப்பவரைப் பற்றிய நினைவு இல்லை.

புதுவகை மின்விசிறி

சாதாரணக் கூரை விசிறி முழு வேகத்தில் 70 முதல் 75 வாட் வரை மின்சாரம் எடுக்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி ஏறத்தாழ அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தருகிறது. பழைய மோட்டாரில் சுழலும் பகுதியிலும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தப்புலம் உண்டாக்கவேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. புதுவகையில் நிலைக்காந்தங்களே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மின்னணுத் தட்டு, கம்பிச் சுருள்களுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்புகிறது. 40 வாட் மிச்சம், நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓட்டம் என்று கொண்டால், ஆண்டுக்கு 175 யூனிட் மிச்சமாகும்.

விசிறி மெக்கானிக் கூறும் மறுப்புகள் இரண்டு. முதலாவது, "காற்று குறைவாக வரும்" என்பது. இது தவறு. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பது பெட்டியின் மேலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் தாழும்போது பழைய விசிறி தளர்ந்துபோகிறது. புதியது பெரும்பாலும் வேகம் குறையாமல் சுழல்கிறது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் மின்கலம் நெடுநேரம் தாங்குகிறது. அதனால்தான் இன்வெர்ட்டர் பொருத்துபவர்கள் இந்த விசிறியைத் தாமாகவே சிபாரிசு செய்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு, "போர்டு போனால் விசிறியே போயிற்று" என்பது. இதில் நியாயம் இருக்கிறது. பழைய விசிறி நின்றுபோனால் கண்டென்சர், பேரிங், காயில் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். எந்தக் கம்பெனி விசிறியானாலும் தெருமுனைக் கடையில் மாற்றிவிடலாம். புதுவகையிலோ கம்பெனிக்கு ஒரு மின்னணுத் தட்டு. இடி மின்னலில் ஒரு தட்டுப் பழுதானால் அதே கம்பெனியின் தட்டு வேண்டும். அதன் மின்சுற்று விளக்கம் மெக்கானிக்குக் கிடைப்பதில்லை. இருபது ஆண்டு ஓடக்கூடிய இரும்பும் செம்பும் உள்ளங்கை அளவுத் தட்டு ஒன்றுக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகுமானால், அதை எப்படிச் சூழலுக்கு உகந்தது என்போம்?

கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை அது அளக்கிறது. நல்ல அளவுகோல்தான். ஆனால் பழுதானால் எளிதில் சரிசெய்ய முடியுமா என்பதை அது அளப்பதில்லை. நட்சத்திரம் சொல்லாததைத்தான் மெக்கானிக் சொல்கிறார். பிழைப்புப் போய்விடும் என்ற அச்சமும் அவருக்கு இருக்கலாம். அச்சம் இருப்பதால் அவர் சொல்லும் உண்மை பொய்யாகிவிடாது.

சூரிய வெந்நீர்க் கலம்

100 லிட்டர் நீரின் வெப்பநிலையை 25 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 2.9 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த வேலையை மாடியில் விழும் வெயில் இலவசமாகச் செய்துவிடுகிறது. பிளம்பர்களில் பலர் இதை வரவேற்கிறார்கள். குழாய் வேலை கூடுதல், கூலியும் கூடுதல். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் ஊர்களில் இவர்களே தயங்குகிறார்கள். கடினநீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சமையலறைப் பாத்திரத்தில் நாம் காணும் உப்புப் படிவு இதுதான். தகட்டு வகைக் கலங்களில் உள்ள மெல்லிய செம்புக் குழாய்களை இது நாளடைவில் அடைத்துவிடும். விளம்பரத் தாளில் இதற்கு இடமில்லை. பிளம்பர் சொல்லித்தான் தெரிகிறது.

குழாய் நீளமும் கவனிக்கத்தக்கது. முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் நீர் நிற்கும். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் ஆறிய நீரை வெளியேற்றிய பிறகே வெந்நீர் வரும். மெல்லிய குழாய், குறுகிய பாதை, வெப்பம் தப்பாத உறை ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் இந்த இழப்புப் பெரிதும் குறையும். அமைப்பவர் பிளம்பர். மின்சாரத்தை மிச்சப்படுத்தி நீரை வீணாக்குவதும், இரண்டையும் காப்பதும் அவர் கைத்திறனைப் பொறுத்தவை.

எதிர்ப்பின்றி வந்த விளக்கு

இனி, எல்லாத் தொழிலாளரும் மனமுவந்து ஏற்ற ஒரு பொருளைப் பார்ப்போம். அது எல்.இ.டி. விளக்கு. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட்டில் செய்யும் இந்த விளக்கு சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவியது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் இதற்கு முக்கியக் காரணம். மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய் அளவுக்கு இறங்கியது.

விலை மட்டும் காரணம் அன்று. அதே ஹோல்டர், அதே சுவிட்ச். எலெக்ட்ரீஷியன் புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை. கெட்டுப்போனால் திறந்து, உள்ளே இருக்கும் சிறு தட்டை மாற்றி, மறுபடி எரியவிடும் சிறு கடைகளும் தோன்றிவிட்டன. பழுது பார்க்கும் தொழில் அழியவில்லை, உருமாறியது. இவர்களுக்கு யார் வந்து விழிப்புணர்வு ஊட்டினார்கள்? பொருளின் அமைப்பே அவர்களை அழைத்துக்கொண்டது.

மிச்சம் யாருக்கு?

தொழிலாளர் கருத்துக்கு மற்றொரு வேரும் உண்டு. அது வாடிக்கையாளரின் மடி. வாடகை வீட்டில் விசிறி வாங்கிப் போடுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். "இருப்பதில் மலிவானதைப் போடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னால் எலெக்ட்ரீஷியன் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் ஏழைக் குடும்பத்துக்கு 175 யூனிட் மிச்சத்தால் காசு மிச்சம் ஏதுமில்லை, மிச்சம் அரசுக்குத்தான். அந்தக் குடும்பத்திடம் இரு மடங்கு விலை விசிறியை வற்புறுத்தாத கடைக்காரரைக் குறை கூறுவது நியாயமாகாது.

விவசாய மோட்டாருக்கும் இதே கணக்குத்தான். 1990 முதல் தமிழக உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். உழவர் கேட்பது, தாழ்ந்த மின்னழுத்தத்திலும் எரியாமல் ஓடும் மோட்டாரை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டாரை அவர் கேட்கக் காரணமில்லை. காயில் கட்டுபவரும் கேட்டதைத்தான் கட்டித் தருகிறார்.

குறை எங்கே?

தொழிலாளர் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. கமிஷன் கிடைக்காத பொருளை ஏதேனும் குறை சொல்லித் தள்ளுபவர்களும் உண்டு. கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மேலே கண்ட மறுப்புகளில் பெரும்பாலானவை அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆய்வுக்கூடம் பொருளைப் புதிதாக இருக்கும்போது அளக்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதன் நிலை என்ன என்பதை ஏணியில் ஏறிப் பார்ப்பவர் இவர்தான். வாடிக்கையாளர் திட்டுவதும் இவரைத்தான், கம்பெனியை அன்று.

எனவே பசுமைப் பொருள் செய்வோரும் திட்டம் தீட்டுவோரும் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். மின்சுற்று விளக்கமும் உதிரிப் பாகங்களும் தெருக் கடைக்காரருக்குக் கிடைக்கவேண்டும். 2022-இல் மத்திய அரசு பேசத் தொடங்கிய 'பழுது பார்க்கும் உரிமை' அவரையும் எட்டவேண்டும். நட்சத்திரக் குறியோடு, பழுது பார்க்கும் எளிமைக்கும் ஒரு குறி சேர்க்கலாம். சூரிய மின்சாரத் துறைக்கு 2015 முதல் 'சூரியமித்ரா' என்ற 600 மணி நேரப் பயிற்சி நடத்தப்படுகிறது. கொத்தனாருக்கு அத்தனை மணி நேரம் வேண்டாம். வேலை நடக்கும் இடத்திலேயே அரை நாள், கூலி பிடிக்காமல் கொடுத்தால் போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாம்பல் கல் ஒன்றை நன்றாக உலர்த்தி எடை பாருங்கள். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடை பாருங்கள். கூடிய எடை, உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கல் வேண்டாம். இதை உங்கள் மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அவர் "வேண்டாம்" என்றால், "ஏன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் தவறாக இருந்தால் தராசு அவருக்குக் காட்டிவிடும். சரியாக இருந்தால், அறிவியல் கட்டுரை எழுதும் எங்களைப் போன்றவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.