வலி கண்டதும் வருவேன் என்ற வாக்கு

கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போகிறவருக்கு முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே அச்சாகி வந்துவிடும். பிரசவத்துக்குப் படமெடுக்கப் போகிறவர் கையில் இருப்பது ஓர் உத்தேசத் தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி மருத்துவமனையில் எழுதிக்கொடுப்பது அது. தானாக வலி எடுத்துப் பிறக்கும் குழந்தைகளில் அந்தத் தேதியிலேயே பிறப்பவை நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்து பிறந்தாலும், 42-ஐ நெருங்கிப் பிறந்தாலும் அது நிறைமாதப் பிறப்புதான். இந்த ஐந்து வார இடைவெளியில் எந்த நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று ஒருவர் கையெழுத்திட்டுத் தருகிறார்.

அமெரிக்காவில் சுமார் பதினைந்து ஆண்டுகளாக இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பிரசவப் புகைப்படக்காரர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் போட்டி வைத்துச் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்கிறது. இத்தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் தாங்களே சிறு குழந்தைகளின் தாய்மார்கள். ஒரு பிரசவத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குவது அங்கே சாதாரணம். 38-ஆவது வாரம் தொடங்கினால் குழந்தை பிறக்கும்வரை இரவு பகல் பாராமல் போனை எடுக்க வேண்டும் என்பதே தொழிலின் முதல் விதி. ஆன்-கால் என்று இதைச் சொல்கிறார்கள். பிரசவத் துணையாக இருக்கும் டூலாக்களிடமிருந்தும், வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளிடமிருந்தும் எடுத்துக்கொண்ட வழக்கம் இது. ஆனால் மருத்துவச்சிகளில் பலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முறைவைத்துக் காத்திருப்பவர்கள். புகைப்படக்காரர்களில் பலர் அந்த முறைவைப்பை விட்டுவிட்டு, காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்த வழக்கத்தில் நான் காணும் குறைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில், அந்தக் காத்திருப்பு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். கதவருகே பை கட்டி வைத்திருக்கும். அதில் இரண்டு கேமரா. ஒன்று மக்கர் செய்தால் மற்றது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, எஃப் 1.4 வரை திறப்பது. பிரசவ அறையில் விளக்கைத் தணித்து வைத்திருப்பார்கள், ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றி இருட்டிலேயே எடுத்தாக வேண்டும். சத்தமே வராத ஷட்டர், கூடுதல் பேட்டரி, கறுப்புச் சட்டை, போன் சார்ஜர், பிஸ்கட் பாக்கெட், பல் தேய்க்கும் பிரஷ். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஊரைவிட்டு ஒரு மணி நேரத் தொலைவுக்கு மேல் போகக் கூடாது. விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின்கூடக் கிடையாது. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் தூங்கும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு ஏற்பாடு. அவர் வர முடியாவிட்டால் இன்னொரு ஏற்பாடு. போனில் அந்தக் குடும்பத்தின் எண்ணுக்கு மட்டும் தனி மணியோசை. குளிக்கும்போதும் போன் குளியலறைத் திட்டில்தான்.

இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். அதைவிட அதிகமாக மதிப்பது, எப்போது கிளம்புவது என்று தீர்மானிக்கும் திறமையை. சீக்கிரம் போய்விட்டால் அறையில் ஓர் அந்நியர் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதே அந்தப் பெண்ணுக்குப் பாரமாகிவிடும். பொய் வலியாக இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். தாமதித்தால் குழந்தை துணியில் சுற்றிக் கிடக்கும்போதுதான் போய்ச் சேர முடியும். தலைச்சன் பிரசவமென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிப்பது, ஒரு மணி நேரமாக அப்படியே தொடர்வது என்ற பழைய கணக்கை வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவமென்றால் அந்தக் கணக்கை நம்பி உட்கார மாட்டார்கள்; மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு.

அனுபவசாலிகள் கணவன் சொல்லும் நிமிடக் கணக்கைக் கேட்டுக்கொண்டு, போனை மனைவியிடம் கொடுக்கச் சொல்கிறார்கள். அடுத்த வலி வரும்வரை ஏதாவது பேச்சுக் கொடுப்பார்கள். வலி வந்ததும் பேச்சைத் தொடர்ந்துகொண்டே சமாளிக்கிறாளா, பாதி வாக்கியத்தில் நின்று மூச்சை இழுக்கிறாளா, அல்லது போனை யாரிடமோ நீட்டிவிட்டாளா என்று காதுகொடுத்துக் கேட்பார்கள். மருத்துவச்சிகளும் டூலாக்களும் காலங்காலமாகக் கையாளும் பரிசோதனை இது. கருவி வேண்டாம், கை பட வேண்டாம். இதைக் கற்றுக்கொண்ட புகைப்படக்காரர் படமெடுக்கத் தெரிந்த நூறு பேரைவிட மேலானவர் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரானது சென்டிமீட்டர் விதி. கருப்பை வாய் 6 சென்டிமீட்டர் திறந்ததும் கூப்பிடுங்கள் என்று பலர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். இதற்கு மருத்துவ அடிப்படை இல்லாமலில்லை. 1950-களில் எமானுவேல் ஃபிரைட்மேன் வரைந்த வளைகோட்டை வைத்து, 4 சென்டிமீட்டரில் வலி முழுவேகம் பிடிக்கிறது என்றுதான் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடம் நடத்தினார்கள். 2014-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் அதை 6 என்று மாற்றின. 4-இலிருந்து 6-க்குப் போகவே பல மணி நேரம் பிடிக்கலாம் என்பது பிந்தைய ஆய்வுகளில் தெரிந்திருந்தது. அந்த எண்ணைத் தொழிலுக்கு எடுத்துக்கொண்டதில் தர்க்கம் இருக்கிறது.

ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கும் என்று யோசித்தால் எனக்கு இடிக்கிறது. உள்பரிசோதனை செய்தால்தான் கிடைக்கும். குறைந்த ஆபத்துள்ள பிரசவங்களில், வலி முழுவேகம் பிடித்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும் என்கிறது 2018-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி. அவளுக்கு அது வேதனை. பனிக்குடம் உடைந்தபின் அடிக்கடி செய்தால் கிருமித்தொற்று அபாயமும் கூடும். இந்த நிலையில் கணவன் நர்ஸிடம் போய், "கேமராக்காரம்மா கேக்கறாங்க, இப்ப எவ்வளவு திறந்திருக்கு?" என்று கேட்கிறான். பெரும்பாலான நர்ஸுகள் மறுத்துவிடுவார்கள். மறுக்காத ஓர் இடத்தில், படமெடுப்பவரின் பயண வசதிக்காக ஒரு பெண் தேவையில்லாத பரிசோதனைக்கு ஆளாகிறாள். காத்திருப்பின் சுமையை யாரும் வேண்டுமென்று அவள்மேல் போடவில்லைதான். ஒப்பந்தத்தின் ஒரு வரி அதைச் செய்துவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, "சந்தேகம் வந்தாலே கூப்பிடுங்கள், எப்போது வருவதென்று நான் தீர்மானிக்கிறேன்" என்று எழுதினால் போதும். வீணாகப் போய் வரும் பயணங்கள் கூடும். அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது, ஒருவரே எல்லாவற்றுக்கும் போவது. இத்தனை ஆண்டில் ஒரு பிரசவத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று விளம்பரப்படுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்குள் தூக்கமின்மை இருக்கிறது. 1997-இல் நேச்சர் இதழில் டாசனும் ரீடும் வெளியிட்ட ஆய்வுப்படி, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடைய அளவுக்கு இறங்குகிறது; 24 மணி நேரமானால் 0.10 சதவீதம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வண்டியோட்டச் சட்ட வரம்பு 0.08. பகல் முழுவதும் விழித்து, இரவெல்லாம் பிரசவ அறையில் நின்று, விடிகாலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒயினைத் தொடாமல் ஒரு மாதம் இருந்தவர் அவர். இதைத் தியாகம் என்று புகழ்வதை நிறுத்த வேண்டும்.

மாதத்துக்கு எத்தனை பேரை ஒப்புக்கொள்வது என்பதில்தான் பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யும் ஏமாற்றம் என்று சொல்லவில்லை. ஒரு எளிய கணக்குப் போடலாம். மாதம் நான்கு என்றால் ஆண்டுக்கு 48 பிரசவம். போவது, இருப்பது, திரும்புவது, தூங்கி எழுவது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 18 மணி நேரம் என்று வைப்போம். பிரசவங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எந்த நேரத்திலும் வரலாம் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு நாலைந்து முறை ஒரு பிரசவத்தின் 18 மணி நேரத்துக்குள் இன்னொரு அழைப்பு வந்து மோதும். மாதம் இரண்டாகக் குறைத்தால் மோதல் பாதியாகத்தான் குறையும் என்று தோன்றும். ஆனால் ஆண்டுக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்துவிடுகிறது. வேலையை இரட்டித்தால் மோதல் நான்கு மடங்காகிறது. "மாதம் நான்கு பேர்தான் எடுக்கிறேன்" என்பது அளவோடு நடந்துகொள்வதுபோல ஒலிக்கிறது. தனியாளுக்கு அது அளவுக்கு மேல்.

இந்த மோதல்களை யார் தாங்குகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பார்க்கலாம். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பது முதல் விதி. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். படமெடுக்கும் மணி நேரத்துக்கு மட்டும் அந்தப் பணம் தரப்படவில்லை. ஒருவர் தன் வாழ்க்கையின் நான்கைந்து வாரத்தைக் கட்டிப்போட்டு வைப்பதற்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது, அந்த வேலை ஏற்கெனவே நடந்துமுடிந்திருக்கும். குழந்தை அரை மணி நேரத்தில் காரிலேயே பிறந்துவிட்டால் அது யார் தவறுமில்லை. அடுத்த இரண்டு நாளுக்குள் மருத்துவமனையில் தாயையும் சேயையும் எடுத்துக்கொடுப்பது நியாயமான மாற்று. ஆனால் பல ஒப்பந்தங்கள் இதையும், புகைப்படக்காரர் போனை எடுக்காமல் தூங்கிவிட்டதையும், வேறொரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டதையும் "எதிர்பாராத காரணங்கள்" என்ற ஒரே சொற்றொடருக்குள் அடக்கிவிடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுக்கொண்டதால் வந்த மோதல் எதிர்பாராததாகாது. அதற்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

காத்திருப்பின் தன்மையே இப்போது மாறிவருவதையும் கவனிக்க வேண்டும். 2018-இல் வெளியான அரைவ் என்ற ஆய்வு, ஆபத்துக் காரணிகள் இல்லாத தலைச்சன் தாய்மார் 6,000-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 39-ஆவது வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவைத்தவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், மற்றவர்களில் 22.2. அதற்குப் பிறகு அமெரிக்காவில் தேதி குறித்து வலி வரவைப்பது கூடி, பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிட்டது. தேதி தெரிந்ததால் நிம்மதி என்று நினைத்தால் ஏமாறுவோம். தலைச்சனுக்கு மருந்து ஏற்றி இரண்டு நாள் கழித்துக் குழந்தை பிறப்பதும் உண்டு. தொடங்கும் நேரம் தெரியும், முடியும் நேரம் தெரியாது. நிமிடக் கணக்கும் குரல் கேட்பதும் இங்கே அவ்வளவாக உதவாது. டிரிப்ஸ் ஏற ஏற வலி கூடும் வேகம் வேறு. அந்த நாட்டின் மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன். ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரே ஒரு துணைக்குத்தான் இடம் என்றால் கணவனா கேமராவா என்ற கேள்விக்கு இரண்டாவது விடையே கிடையாது. 2020 மார்ச்சில், கோவிட் பரவியபோது, நியூயார்க்கின் சில மருத்துவமனைகள் சில நாட்களுக்குக் கணவனைக்கூட உள்ளே விடவில்லை. மாநில உத்தரவு வந்துதான் ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. எவ்வளவு கவனமாகக் காத்திருந்தாலும் கதவைத் திறப்பது மருத்துவமனைதான். இதைக் குடும்பத்திடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லாதவர் பாதி விஷயத்தை மறைக்கிறார்.

நம் ஊரில் இந்தத் தொழில் வந்தால் காத்திருப்பு வேறுவிதமாக இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அவற்றில் நல்ல நேரம் பார்த்துக் குறித்தவையும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குத் தேவைப்படுவது ஆன்-கால் ஏற்பாடல்ல, தியேட்டருக்குள் கேமரா வரலாமா என்பதற்கு ஒழுங்கான விதி. அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.

அமெரிக்க வழக்கத்துக்கே திரும்பினால், எனக்குச் சரியாகப் படுவது ஜோடிமுறை. இருவர் சேர்ந்து வாடிக்கையாளரை ஏற்பது. இருவரையும் ஏழாம் மாதத்திலேயே அந்தப் பெண் நேரில் பார்த்துப் பேசிவிடுவது. ஒரு வாரம் இவர், மறு வாரம் அவர். பதிலாள் ஏற்பாடு இப்போதும் பலரிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலாள் பெரும்பாலும் பெயரளவில்தான். தன் உடம்பின் மிக அந்தரங்கமான நேரத்தில் முன்பின் பார்த்திராத முகம் கதவைத் திறந்துகொண்டு வருவதை எந்தப் பெண்ணும் விரும்ப மாட்டாள். அதனால்தான் தாய்மார்களும் "நீங்களே வந்தால்தான்" என்கிறார்கள், புகைப்படக்காரரும் தூக்கமில்லாமல் போய் நிற்கிறார். முன்பே பழகிய இரண்டாவது முகம் இருந்தால் இந்தப் பிடிவாதம் தளரும். 15 மணி நேரத்தைத் தாண்டினால் மற்றவர் வந்து மாற்றிவிடலாம்.

ஜோடிமுறைக்கும் விலை உண்டு. கூப்பிடப்படாத வாரத்திலும் இரண்டாமவர் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்குப் பணம் தர வேண்டும். இன்று பலர் தருவதில்லை, வந்தால் மட்டும் பங்கு. அதைத் தந்தால் கட்டணம் ஏறும், இப்போதே வசதியானவர்களுக்கு மட்டும் எட்டும் சேவை இன்னும் எட்டாமல் போகும். இருவரின் படங்களும் ஒன்றுபோல இருக்காது. சிற்றூர்களில் இரண்டாவது ஆளே கிடைக்க மாட்டார். அப்படிப்பட்ட ஊரில் தனியாக வேலை செய்பவர் மாதம் ஒருவரை மட்டும் ஏற்று, மீதி நாட்களில் கல்யாணமோ பள்ளி விழாவோ எடுத்துப் பிழைக்க வேண்டியிருக்கும். அந்தக் கல்யாணங்களையும் முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்த நாளில் வலி வந்தால் நான் இருக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தேதியோடு எழுதிக்கொடுக்க வேண்டும்.