முதல் கால்

ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் செர்னோபில் நூல் (1997) ஒரு தீயணைப்பு வீரரின் மனைவி பேசுவதிலிருந்து தொடங்குகிறது. 1986 ஏப்ரல் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். அணுமின் நிலையத்தில் தீ என்று அழைப்பு. கித்தான் உடையைக்கூட மாட்டாமல், போட்டிருந்த சட்டையோடு கிளம்பிப் போகிறார் வசிலி இக்னதென்கோ. வயது 25. மே 13 அன்று மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் இறந்துபோகிறார். அது அவருடைய முதல் அழைப்பு அல்ல, கடைசி. நூலில் அவர் குரல் கிடையாது.

2019இல் வந்த எச்.பி.ஓ. தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரையில் கிடக்கும் கிராஃபைட் துண்டை ஒரு வீரர் கையால் எடுத்துப் பார்ப்பார். அது என்னவென்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியை வைத்துத் தொடர் நம்மைப் பதறவைக்கிறது. நல்ல உத்திதான். ஆனால் நூல் செய்வது வேறு. பேசும்போது மனைவிக்கு எல்லாமே தெரியும். இருந்தும் அன்றிரவு தனக்கு எதுவும் தெரியாமல் இருந்ததை அவர் கலைக்காமல் எடுத்து வைக்கிறார். ஜன்னல், வெளியே வெளிச்சம், புருஷன் சீக்கிரம் வந்துவிடுவான் என்கிற சாதாரண நம்பிக்கை. (பதிப்புக்குப் பதிப்பு வாக்குமூலங்களைத் திருத்தி எழுதுகிறார் என்று அலெக்ஸியேவிச் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது தனிச் சண்டை.)

இதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தீயணைப்பு வீரர்களைப் பேட்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, 'உங்க ஃபர்ஸ்ட் கால் ஞாபகம் இருக்கா?' என்பது. (நிலையத்தில் அழைப்பை யாரும் அழைப்பு என்று சொல்வதில்லை. 'கால் வந்துச்சு' என்பார்கள்.) கேட்கிறவர் ஒரு திறப்பை எதிர்பார்க்கிறார், சொல்கிறவரோ ஒரு கதவைச் சாத்துகிறார். முதல் கால் என்பது பெரும்பாலும் சொல்லத்தக்க கால். சொல்ல முடியாத இன்னொன்றுக்குப் பதிலாக அதை எடுத்து நீட்டுகிறார்கள்.

எங்கள் திருப்பத்தூர் பக்கம் ஃபயர் சர்வீஸில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை. அவருடைய முதல் கால் ஒரு மாடு. தாம்பரத்தில் பயிற்சி முடித்து வந்த புதிது. ஏணி ஏறத் தெரியும், ஹோஸ் சுருட்டத் தெரியும், மொட்டைக் கிணற்றில் விழுந்த சினை மாட்டுக்கு எங்கே கயிறு கட்டுவதென்று யாரும் சொல்லித்தரவில்லை. 'நாலு பேரு மேல நின்னு நாலு விதமா சொல்றான். மாட்டுக்காரம்மா எங்க எல்லாரையும் ஒரே விதமா திட்டுது' என்பார். கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகரும். கிணற்றின் ஆழம் கூடும், ஒரு தடவை மழைகூடப் பெய்தது. மாடு மட்டும் தவறாமல் பிழைத்துவிடும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும்.

ஒரு நாள் நான், 'டேனரி தொட்டிக்குப் போயிருக்கீங்களா மாமா?' என்று கேட்டேன். 'போயிருக்கேன். அது ஃபர்ஸ்ட் கால் இல்லப்பா' என்றார். அத்தோடு பேச்சு காபிக்குத் திரும்பிவிட்டது.

இந்தப் பக்கத்தை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் ஆளைக் கொல்ல நெருப்பு தேவையில்லை. தோலில் இருந்து மயிரை எடுக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தாலும், சேறு மூடிய தொட்டியில் நாள்பட்டுக் கிடந்தாலும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். துறையின் முழுப் பெயர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பெயரின் பின்பாதிதான் இங்கே அதிகம் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே இப்படி ஒரு இடத்துக்குப் போக நேர்கிற இளைஞரை நினைத்துப் பாருங்கள். 30 வருடம் கழித்து யாராவது மைக்கை நீட்டி முதல் காலைக் கேட்டால் அவர் எதைச் சொல்வார்? இரண்டாவதாகப் போன பாம்பைத்தான் சொல்வார். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

டென்னிஸ் ஸ்மித் இந்த இடத்தில் முக்கியமானவர். நியூயார்க்கின் தென் பிராங்ஸில் தீயணைப்பு வீரராக இருந்துகொண்டே 'ரிப்போர்ட் ஃப்ரம் எஞ்சின் கம்பெனி 82' (1972) எழுதியவர். அது ஏராளமாக விற்றது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது எந்தப் பெரிய தீயும் அல்ல. ஒரு பொய் அழைப்புக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து சாகிற சக வீரர்தான். எரியாத நெருப்புக்காக ஒரு சாவு. வீரக்கதை எழுதுபவருக்கு இது உதவாது, எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிடுவார். ஸ்மித் அதை முன்னாலேயே வைக்கிறார். புத்தகத்தில் மற்ற இடங்களில் வரும் ஆண்பிள்ளைப் பெருமிதத்தை நான் அதற்காகவே பொறுத்துக்கொண்டேன்.

தமிழில்? நெருப்பு நம்மிடம் ஏராளம். மதுரையை எரித்தவளைத் தெரியும், அன்றிரவு குடம் தூக்கி ஓடியவர் யாரென்று நாம் கேட்டதில்லை. பாரதிக்கு அது குறியீடு. 1968 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' ஆனது. அதில் பண்ணையாரின் அந்தரங்கத்துக்குத் தரப்பட்ட இடம் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. கொளுத்தியவர் இருக்கிறார், எரிந்தவர் இருக்கிறார். அணைக்க வந்தவர் கதையின் கடைசிப் பத்தியில் மணியடித்துக்கொண்டு வந்து நிற்கும் ஒரு வண்டி, அவ்வளவுதான். டி.செல்வராஜின் 'தோல்' (2012இல் சாகித்திய அகாதெமி விருது) திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை எழுதியபோது, வேலை செய்கிற உடம்பு என்ற ஒன்று நாவலின் நடுவுக்கு வந்தது. மீட்கிற உடம்புக்கு அப்படி ஒரு நாவலை நான் வாசித்ததில்லை. இருப்பதெல்லாம் பாராட்டுக் கட்டுரைகள். 'உயிரைப் பணயம் வைத்து' என்று தொடங்கியதுமே பூட்ஸ் அளவு சரியில்லாமல் இருந்தது, தண்ணீர் தீர்ந்துபோனது, தாமதமாகப் போய்ச் சேர்ந்தது எல்லாம் காணாமல் போய்விடும். அந்தக் கட்டுரைகள் மேல் எனக்கு உள்ள கோபம் இதுதான். மரியாதை செய்கிற சாக்கில் ஒரு ஆளின் வேலையைத் திருடிக்கொள்கின்றன.

நாட்டில் தீயணைப்போர் நினைவு நாள் ஏப்ரல் 14. 1944இல் அன்றுதான் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது. பருத்தி மூட்டைகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் திரும்பவில்லை. நமக்கு அது பெரும்பாலும் சித்திரை ஒன்று. டிவியில் புதுப்படம், வீட்டில் மாங்காய்ப் பச்சடி. நிலையத்தில் மலர் வளையம் வைப்பார்கள், சட்டையில் குத்திக்கொள்ளக் கொடி தருவார்கள். அந்த 66 பேரில் யாருக்காவது அது முதல் காலாக இருந்திருக்கலாம்.

நிலையங்களில் ஒரு பதிவேடு உண்டு. அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சென்றடைந்த நேரம், திரும்பிய நேரம். உரிச்சொல் இல்லாத உரைநடை. நாவல் எழுத நினைக்கிற ஆம்பூர்ப் பையனோ பெண்ணோ யாராவது இருந்தால், மாமாவிடம் முதல் காலைக் கேட்காதீர்கள். மாட்டைப் பற்றித்தான் சொல்வார். திரும்பிய நேரத்துக்குப் பிறகு வண்டியை எப்படிக் கழுவினார்கள், யார் முதலில் பேசினார்கள், அன்றைக்கு யாராவது சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.